கதவுக்கு வெளியே 45 நிமிடம்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் சென்னீர்குப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போவது எங்களில் சிலருக்குப் பழக்கம். இரும்புக்கடை, டயர் கடை, மனை விற்பனை, திருமண மண்டபம் என்று நீளும் வரிசைக்கு நடுவே அண்மைக்காலமாக வேறொரு வகைப் பலகை கண்ணில் படுகிறது. வானவில்லோ பட்டாம்பூச்சியோ யானைக்குட்டியோ வரைந்திருக்கும். அதன்கீழ்ச் சின்ன எழுத்துகளில் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி, சிறப்புக் கல்வி. பெரும்பாலும் குடியிருப்புத் தெருவொன்றில் வாடகைக்கு எடுத்த வீடு. சில இடங்களில் முதல் மாடி. நடக்க இயலாத குழந்தைக்குப் பயிற்சி தரும் இடத்துக்கு, அக்குழந்தையை இடுப்பில் சுமந்தபடி தாய் பதினைந்து இருபது படி ஏறியாக வேண்டும் என்பதை வீட்டுக்காரரோ மையம் நடத்துபவரோ யோசித்ததாகத் தெரியவில்லை.

இப்படித் தொடங்குவதால் இந்த மையங்களைப் பழிக்க வந்திருக்கிறோம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அவை இல்லாத காலத்தை நாங்கள் அறிவோம். மூளை முடக்குவாதம் என்றோ ஆட்டிசம் என்றோ மருத்துவர் சொன்ன பிறகு அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் குடும்பம் எங்கே போகும்? எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் போகலாம். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய வித்யாசாகர் இருக்கிறது. 2005இல் மத்திய அரசு நிறுவிய பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது. எல்லாம் நல்ல இடங்கள். எல்லாம் நகரின் மறுபக்கம். பூந்தமல்லிக்கென்று இருக்கும் பெருமை பார்வையற்றோர் பள்ளியும், டேராடூன் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும்தான். அவை வேறொரு தேவைக்கானவை. வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு பேருந்து மாறி, கழுத்து நிற்காத குழந்தையுடன் நகரைக் குறுக்கே கடப்பது எத்தனை மாதம் சாத்தியம்? சிகிச்சையைக் கைவிட்ட பெற்றோரை அலட்சியக்காரர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுகிறவர்கள் அவர்களோடு ஒரு நாள் பயணம் செய்து பார்க்கலாம். ஆகவே சென்னீர்குப்பத்தில் ஒரு யானைக்குட்டிப் பலகை தொங்குவது, ஷேர் ஆட்டோவில் போய்வரும் தூரத்தில் ஒரு பயிற்சி கிடைப்பது, மெய்யாகவே பெரிய விஷயம்.

எங்கள் குறை அந்த வீட்டின் உள்ளே இருக்கும் ஒரு கதவைப் பற்றியது.

எங்கள் நண்பர் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். சிறுபத்திரிகைகளை அச்சு மை காயும் முன் வாசிக்கிற பழைய தலைமுறை வாசகர். அவருடைய மகளுக்கு நான்கு வயது, மூளை முடக்குவாதம். கால் தசைகள் இறுகி, நிற்கவைத்தால் கத்தரிபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அவர் மனைவி, எங்கள் எல்லாருக்கும் அண்ணி, வாரம் மூன்று நாள் பருத்திப்பட்டிலிருந்து அப்படியொரு மையத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகிறார். போனதும் ஓர் இளம்பெண் வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். கதவு சாத்தப்படும். 45 நிமிடம் கழித்துத் திறக்கும். "இன்னிக்கு நல்லா பண்ணாங்கம்மா" என்ற ஒற்றை வாக்கியத்தோடு குழந்தை திரும்பி வரும். எட்டு மாதம் இப்படியே போயிற்று. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுத் தாய்மார்கள். ஒருவருக்கும் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. வீட்டுக் கடனும் மாமியாரும் பேசி, ஒருவர் குழந்தையை ஒருவர் விசாரித்து, மீதி நேரத்தில் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

சென்ற கோடையில் ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டரும் கைவிட, புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்தார்கள். அண்ணி அன்றுதான் பார்த்தார். உயரமான நாற்காலியில் பட்டை கட்டி உட்காரவைக்கப்பட்ட மகள், தடித்த பிடி போட்ட ஒரு கரண்டியால் கிண்ணத்திலிருந்து பாசிமணிகளை அள்ளப் பழகிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாகத் தாங்கள் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துச் சோறு ஊட்டிவரும் குழந்தை, நிமிர்ந்து உட்கார்ந்து கையை வாய்வரை கொண்டுபோகக் கற்றுவருகிறது என்பதே அவருக்குச் செய்தி. வெளியே வந்த பெண்ணிடம், "மேடம், எங்க வீட்ல யாரும் கரண்டில சாப்பிட மாட்டோமே. தரையில உட்கார்ந்து கையாலதான்" என்றிருக்கிறார். அந்தப் பெண் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நீங்க இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாராம்.

எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது? இதில் அந்தப் பெண்ணின் தவறு எதுவுமில்லை. படித்து முடித்து ஓரிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும்; ஒரு நாளைக்கு இத்தனை குழந்தை என்று கணக்கு; இரண்டு அமர்வுகளுக்கு இடையே தண்ணீர் குடிக்கும் நேரம்தான். பெற்றோரிடம் பேசுவதற்கான நேரம் கட்டணப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதது நடக்காது.

கதவைச் சாத்துவதற்கு நியாயம் இல்லாமலில்லை. அம்மா கண்ணில் பட்டால் குழந்தை அழும், ஒத்துழைக்காது. ஒரே கூடத்தில் நான்கு குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கும்போது மற்றவர் குழந்தையை வேடிக்கை பார்ப்பது முறையல்ல. பதற்றமடைந்த பாட்டி ஒருவர் நடுவில் புகுந்து, "போதும் விடும்மா, புள்ளைய வலிக்க வைக்காதே" என்று தூக்கிக்கொண்டு போன கதையையும் கேட்டிருக்கிறோம். முதல் சில வாரங்களுக்கு இக்காரணங்களை ஒப்புக்கொள்ளலாம். எட்டு மாதத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாது. வாரத்தில் 168 மணி நேரம். மூன்று அமர்வும் சேர்ந்து அதில் இரண்டேகால் மணி. மீதி நேரமெல்லாம் அக்குழந்தையைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் உட்காரவைப்பதும் ஊட்டுவதும் யாரோ, அவருக்கு ஒன்றும் சொல்லித்தராமல் அந்த இரண்டேகால் மணியை மட்டும் செம்மையாகச் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துவதுதான். அறையில் 45 நிமிடம் தளர்த்திய தசையை, இரவு முழுதும் தவறான கிடையில் உறங்கும் உடம்பு மீண்டும் இறுக்கிக்கொள்கிறது.

இதன் வரலாறு சற்றுச் சுவையானது. மூளை முடக்குவாதத்தை முதலில் விரிவாக எழுதிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், 1861இல், பிறப்பின்போது நேரும் மூச்சுத்திணறலும் கடினமான பிரசவமுமே காரணம் என்றார். இதை ஐயுற்றவர்களில் ஒருவர் சிக்மண்ட் ஃபிராய்ட். கனவுகளுக்குப் போகுமுன் அவர் நரம்பியல் மருத்துவர். 1897இல் குழந்தைகளின் மூளை முடக்குவாதம் குறித்துப் பெரியதொரு நூல் எழுதினார். கடினமான பிரசவமே கருவில் முன்பே நிகழ்ந்துவிட்ட கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. நெடுங்காலம் அதைப் பொருட்படுத்தினோர் குறைவு. இன்றும் நம் வீடுகளில், "வலி வந்தப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா" என்று தொடங்கும் வாக்கியம் தாயை நோக்கித்தான் எறியப்படுகிறது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் இந்தக் குற்றச்சாட்டையும் மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

லண்டனுக்குத் தப்பிவந்த யூதர்களான பெர்ட்டா போபாத், காரெல் போபாத் தம்பதியர் 1940களில் உருவாக்கிய முறை நம்மூர் மையங்களில் இன்றளவும் செல்வாக்குடையது. பயிற்சியாளரின் கை குழந்தையின் உடலைத் தாங்கி, வழிநடத்தி, சரியான அசைவை உணரச்செய்வது அதன் சாரம். 'கைராசி' என்ற சொல்லுக்குப் பழகிய நமக்கு இது உடனே பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் அதே போபாத் மரபில் பணியாற்றிய நான்சி ஃபின்னி 1968இல் எழுதிய நூல், முழுக்க முழுக்கப் பெற்றோருக்கானது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை வீட்டில் எப்படித் தூக்குவது, எப்படி உடை மாற்றுவது, எப்படிச் சோறூட்டுவது என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டுச் சொல்வது. கால்கள் கத்தரிபோல் பின்னும் குழந்தையைத் தூக்கும்போது கால்களை அகட்டி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது போன்ற செய்திகள். நம் பெண்கள் காலங்காலமாகக் குழந்தையை அப்படித்தான் இடுப்பில் வைக்கிறார்கள். அதுவே நல்லது என்று அண்ணிக்கு யாராவது சொல்லியிருந்தால், 'வலிக்குமோ' என்று பயந்து தோளில் கிடத்தித் தூக்கியிருக்க மாட்டார்.

ஆய்வுகளும் கதவைத் திறக்கும் பக்கமே நிற்கின்றன. ஆஸ்திரேலியரான அயோனா நோவாக்கும் குழுவினரும் 2013இல் மூளை முடக்குவாதத்துக்கான 64 வகைச் சிகிச்சைகளின் சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். குழந்தையே முயன்று, அதன் அன்றாடத்துக்குப் பயன்படும் ஒரு செயலைத் திரும்பத் திரும்பப் பழகும் முறைகளும், பெற்றோருக்குக் கற்பித்து வீட்டில் செய்விக்கும் பயிற்சித் திட்டங்களும் தேறின. குழந்தை சும்மா கிடக்க, பயிற்சியாளரின் கை மட்டும் வேலை செய்யும் முறைகள் அவ்வளவாகத் தேறவில்லை. போபாத் முறையும் அதில் அடக்கம்.

ஆட்டிசத்தில் இன்னும் நெருங்கிய சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வு அது. நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் பெற்றோரைச் சந்தித்து 12 அமர்வுகளில் குழந்தையோடு எப்படி விளையாடுவது, அதன் குறிப்பை எப்படிக் கவனிப்பது என்று கற்பித்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு இசைந்து செல்வது கூடியது. குழந்தை தானாக முன்வந்து பெற்றோரோடு தொடர்புகொள்வதும் கூடியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனாலும் வகுப்பு யாருக்கு நடந்தது என்பது கவனத்துக்குரியது. உள்ளே அழைக்கப்பட்டவர்கள் பெற்றோர்.

இலக்கிய வாசகர்களுக்கு கென்சாபுரோ ஓஏயைச் சொன்னால் போதும். மூளைக் குறைபாட்டுடன் 1963இல் பிறந்த அவர் மகன் ஹிகாரி மனிதக் குரலுக்கு முகம் திருப்பாதவன். பறவைகளின் குரல்களுக்கு மட்டும் செவி கொடுத்தான். பெற்றோர் பறவைக் குரல்களின் இசைத்தட்டுகளை வீட்டில் ஒலிக்கவிட்டார்கள். ஆறு வயதில் மலைக் குடிலொன்றில் தங்கியிருந்தபோது, ஏரிப்பக்கம் கேட்ட நீர்க்கோழியின் குரலுக்கு அதன் பெயரைச் சரியாகச் சொன்னானாம். இசைத்தட்டில் பெயரைச் சொல்லும் அறிவிப்பாளரின் குரலிலேயே. 1994 நோபல் உரையில் ஓஏ இதை விவரிக்கிறார். பின்னாளில் ஹிகாரி இசையமைப்பாளரானார் என்ற பகுதியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது அபூர்வம், எல்லா வீட்டிலும் நடக்காது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்த இசைத்தட்டு. குழந்தை எதற்குத் திரும்புகிறது என்று கவனித்தவர்கள் வீட்டில் இருந்தவர்கள்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடர் நெடுங்காலம் புழங்கியது. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடும் குழந்தையைப் பார்த்தவர் எவரும் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியாது. புற உலகம் அக்குழந்தைகளுக்கு நம்மைவிட அதிகமாகவே கேட்கிறது. ஆக்குபேஷனல் தெரபியைத் 'தொழில்வழி மருத்துவம்' என்று பெயர்த்ததன் விளைவாக, "மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் சொல்லித்தராங்க?" என்று ஒரு பாட்டி கேட்டதாக நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். உண்ணல், உடுத்தல், விளையாடல் என்பவையே குழந்தையின் தொழில் என்று அந்தப் பாட்டிக்கு விளக்கிய யாரேனும் ஒருவர் இருந்திருந்தால் பாதிப் பயிற்சி வீட்டிலேயே முடிந்திருக்கும்.

இனி, எங்கள் வாதத்துக்கு எதிராக நாங்களே வைக்கவேண்டிய வாதம். 'வீட்டில் செய்யுங்கள்' என்றால் யார் செய்வது? தாய்தான். சமையல், துணி, இன்னொரு குழந்தை, சிலருக்கு வேலை, இவற்றுக்கு மேல் பிசியோதெரபிஸ்ட் உத்தியோகத்தையும் சம்பளமில்லாமல் அவர் தலையில் ஏற்றுவதா? காலை அரைமணி, மாலை அரைமணி என்று பத்து உடற்பயிற்சிகளை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மறுமுறை வரும்போது, "செஞ்சீங்களாம்மா?" என்று ஆசிரியை வீட்டுப்பாடம் கேட்பதுபோல் கேட்கும் மையங்கள் இருக்கின்றன. செய்யாத தாய் பொய் சொல்கிறார். பிறகு அந்தப் பொய்க்காகவும் இரவில் உறங்காமல் கிடக்கிறார். நாங்கள் கேட்பது அதுவல்ல. தாயைப் பயிற்சியாளராக்க வேண்டாம். அவர் எப்படியும் செய்யப்போகும் வேலையைச் சற்று வேறுவிதமாகச் செய்யக் காட்டிக்கொடுங்கள் என்கிறோம். அண்ணிக்கு அந்த மின்வெட்டு நாளுக்குப் பிறகு கிடைத்தது அவ்வளவுதான். சுவர் மூலையில் இரண்டு தலையணை அண்டக்கொடுத்து, குட்டி முக்காலி ஒன்றை மேசையாக வைத்து, தரையிலேயே குழந்தையை நிமிர்த்தி உட்காரவைக்கும் வழியை அந்த இளம்பெண் பத்து நிமிடத்தில் காட்டினார். கரண்டி போயிற்று, விரல் நீளத்துக்கு அறுத்த இட்லித் துண்டு வந்தது. ஊட்டும் நேரம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, வீடெல்லாம் இட்லி. புரையேறுவது குறைந்திருக்கிறது.

அப்பாக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நண்பர் இதுவரை ஒருமுறைகூட அந்த மையத்துக்குள் போனதில்லை, ஷிப்ட் என்கிறார். எங்களிடம் தஸ்தயெவ்ஸ்கியின் குழந்தைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேச அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது. இதை அவர் வாசிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறோம்.

தமிழ்நாட்டிலேயே கதவில்லாத முன்மாதிரி உண்டு. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம். கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். பின்னர் அவரோடு சேர்ந்த சங்கரராமன், தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர். அந்த ஊர்ப்பக்கத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, கையில் ஒரு செயலியைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறார்கள். பிசியோதெரபிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் அவர்களுக்குப் பின்னால் நின்று வழிகாட்டுகிறார்கள். வீட்டின் திண்ணை, கட்டில், கிணற்றடி எல்லாம் அந்தப் பணியாளரின் கண்ணில் படுவதால், அங்கே யாரும் கரண்டி கொடுக்க வாய்ப்பில்லை. டேவிட் வெர்னர் எழுதி, க்ரியா தமிழில் கொண்டுவந்த 'டாக்டர் இல்லாத இடத்தில்' நூல் நம்மில் பலர் வீட்டில் இருக்கும். அதே வெர்னர் 1987இல் ஊனமுற்ற கிராமத்துக் குழந்தைகளுக்காகவும் ஒரு பெருநூல் செய்தார். மெக்சிகோ மலைக்கிராமம் ஒன்றில் ஊனமுற்றவர்களே நடத்திய மையத்தின் அனுபவம் அது. மரத்தடியிலும் பழைய டயரிலும் செய்துகொள்ளக்கூடிய சாதனங்கள் நிறைந்தது.

கிராமத்துக்குச் சரி, சென்னையின் புறநகருக்கு? மாநில அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் என்று அதன் பார்வை பெரும்பாலும் முதியோர் மேல். பக்கவாதம் வந்த தாத்தாவைப் பார்க்க அதே தெருவுக்குள் வருகிற பிசியோதெரபிஸ்ட், நான்கு வீடு தள்ளியிருக்கும் நான்கு வயதுக் குழந்தையின் வீட்டிலும் மாதம் ஒருமுறை அரைமணி உட்கார்ந்து போக வழி செய்யலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடியில் கண்டறியப்படும் குழந்தைகளை மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். அனுப்பிய பிறகு குழந்தை அங்கே போனதா என்று வீட்டுக்கு வந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். பணத்துக்கு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, உட்பிரிவு வரம்புகளோடு, தெரபிச் செலவையும் ஏற்கிறது. மூளை முடக்குவாதமும் ஆட்டிசமும் அதில் அடங்கும். நண்பருக்கு இதை நாங்கள்தான் சொன்னோம். எட்டு மாதம் கட்டணம் வாங்கிய இடத்தில் யாரும் சொல்லவில்லை.

மையங்களை நடத்துவோரிடம் கேட்பது சிறியது. நான்கு அமர்வுக்கு ஒன்றில் கதவைத் திறந்து வையுங்கள். தாயோ தந்தையோ பாட்டியோ, வீட்டில் குழந்தையைத் தூக்குகிறவர் யாரோ அவர் உள்ளே வரட்டும். அந்த அமர்வுக்கும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள்; அதைப் பட்டியலிலும் போடுங்கள். சேரும் அன்றே, 'வீட்டில் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், குழந்தை எங்கே தூங்கும், கழிப்பறை எப்படிப்பட்டது' என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு இப்போது வேறு கவலை. வரும் ஜூனில் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கவேண்டும். கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் போட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து அடி வைக்கிறாள். தரையில் உட்காரவைத்தால் சாய்மானம் வேண்டும். இதுவரை பார்த்த பள்ளிகள் மூன்றிலும் எல்.கே.ஜி. மேல்மாடியில் இருக்கிறது. பருத்திப்பட்டுக்கும் சென்னீர்குப்பத்துக்கும் இடையில் தரைத்தளத்தில் வகுப்பும், மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றும் உள்ள பள்ளி எதையேனும் வாசகர்கள் அறிந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.